ஆடு வாய் வைக்காத தோட்டம்

சண்டை போடாத பஸ் கண்டக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார்.

கள்ளக்குறிச்சியில் மாலையில் புறப்பட்டு, சங்கராபுரம் வந்து, எங்கள் ஊரைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறிக் கரியாலூரில் போய்த் தங்கும் கடைசி பஸ் அவருடையது. மறுநாள் காலையில் அதே பஸ் கீழே இறங்கும். மலைக்காரர்களுக்கு வேண்டிய உப்பு, மண்ணெண்ணெய், கோழி, தகரம் எல்லாம் அதில்தான் ஏறும். வேறு கண்டக்டராக இருந்தால், "யோவ், இது பஸ்ஸா, மாட்டு வண்டியா?" என்று படியிலேயே ஆரம்பித்துவிடுவார். இவர் கோழிக்கூடையை வாங்கித் தன் சீட்டில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மலை உச்சி வரைக்கும் நிற்பார். கோழிக்குச் சொந்தக்காரன் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வருவான்.

"வுடுங்க, போவட்டும்." எதற்கெடுத்தாலும் அவர் சொல்வது இதுதான்.

ஒருமுறை சங்கராபுரத்தில் ஒரு குடிகாரன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பாக்கெட் கிழிந்து தொங்கியது. பஸ்ஸே கொந்தளித்தது. இறக்கி விடு, போலீஸ் ஸ்டேஷனுக்கு விடு என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நானும் கத்தினேன். அவர் என்னிடம் திரும்பி, "ஊக்கு இருக்குதாம்மா?" என்றார். என் வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். பாக்கெட்டைக் குத்திக்கொண்டு, அந்தக் குடிகாரனுக்கே உட்கார இடம் பார்த்துக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் ஊக்கைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

நான் வாய்க்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாசமே மாமியாரிடம் அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டேன். அதனாலேயே எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

அவர்கள் கிறிஸ்தவர்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர் சொந்த ஊர். மலை பஸ்ஸில் வேலை நிரந்தரமானதும் எங்கள் தெருவின் கடைசியில் இடம் வாங்கி வீடு கட்டினார். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டதால் வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் மாமியார் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மாமியார் வளர்த்த ஆடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

அவருக்குத் தோட்டம் என்றால் உயிர். முதல் வருஷம் செம்பருத்தி வைத்தார், ரோஜா வைத்தார், அகத்தியும் முருங்கையும் வைத்தார். ஆடுகளுக்குக் கொண்டாட்டம். அவர் மலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய்த் துளிர்களை வழித்துவிட்டு வரும். அக்கா விரட்டிக்கொண்டு வந்தால் மாமியார் வாசலில் நின்று கேட்பார்:

"ஆடுன்னா மேயாம இன்னா பண்ணும்? வேலிய ஒழுங்கா கட்டாம, பச்சையா வளத்து வெச்சிக்கினு நிக்கறீங்க."

அவர் முள்வேலி போட்டுப் பார்த்தார். ஒரு ஆட்டின் மடியை முள் கிழித்துவிட்டது. மாமியார் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். எங்கிருந்தோ வந்தவர்களுக்கு இவ்வளவு கொழுப்பா என்று கேட்டார். வேறு சிலதும் சொன்னார், அதை நான் இங்கே எழுத மாட்டேன். மறுநாள் காலை மலையிலிருந்து இறங்கி வந்தவர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டார். மாமியாரிடம் வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஆட்டைத் தடுக்க வேண்டாம், ஆடு தின்னாததை வைத்தால் போதும். பஸ் போகும் வழியெல்லாம் செடி கேட்டு வாங்க ஆரம்பித்தார். பூ எப்படி இருக்கும், எவ்வளவு உயரம் வளரும் என்றெல்லாம் கேட்க மாட்டார். கேட்பது ஒன்றே ஒன்று.

"ஆடு வாய் வெக்குமா?"

வைக்காது என்றால் ஒரு கிளை ஒடித்துக்கொண்டு வருவார். இப்படித்தான் வேலி நெடுகச் செவ்வரளி வந்தது. மூலையில் மஞ்சள் அரளி, பின்பக்கம் காட்டாமணக்கு, வாசலில் எருக்கு, தொட்டிகளில் குரோட்டன்ஸ். இரண்டு மழையில் அந்த வீடு பூவும் நிறமுமாகக் கண்ணைப் பறித்தது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. மாமியாருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்தக் காலத்தில் கண்டக்டர் முகத்தில் இருந்த திருப்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "பாத்தியாம்மா, யாரையும் ஒரு வார்த்த சொல்லாம தோட்டம் வெச்சிட்டேன்" என்றார் என்னிடம்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் மறியல் செய்யப்போவதாக ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டிலும் பேச்சு அதுதான். என் கொழுந்தன் வயல் வேலையை விட்டுவிட்டுக் கூட்டங்களுக்கு அலைந்தான். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன், அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி மலையில் தங்கும் புருஷனை வைத்துக்கொண்டு கடைசி வீட்டில் தனியாகப் படுக்கும் அக்காவுக்கு வேறு பயம் இருந்தது. எங்கெங்கோ காலனியில் குடிசை எரிந்தது என்று கேள்விப்பட்டால், அன்று விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். நான் கூப்பிட்டாலும் எங்கள் வீட்டுக்குப் படுக்க வர முடியாது. ஏன் என்று மாமியாரைப் பற்றிச் சொன்னதிலேயே தெரிந்திருக்கும்.

அதனால்தான் நாய்க்குட்டி வந்தது. கரியாலூரில் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் நாய் குட்டி போட்டிருந்தது. வெந்தய நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். டிரைவர் பக்கத்தில் சூடாக இருக்கும் இன்ஜின் மூடிமேல் சாக்கை விரித்துப் படுக்க வைத்து, மலைப்பாதை முழுக்கத் தூங்கவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

அக்கா அதற்குப் பெயரே வைக்கவில்லை. அது அவருடைய விசிலுக்கு வரும், அதுவே போதும் என்று விட்டுவிட்டார். பஸ்ஸில் எப்படியோ அப்படியே கண்டக்டர் அதற்கும் பழக்கியிருந்தார். ஒரு விசில் கொடுத்தால் நிற்கும். இரண்டு விசில் கொடுத்தால் காது பின்னால் பறக்க ஓடும். வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஓடுகிற குட்டி, ஒரு விசில் கேட்டதும் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிடும். அதைப் பார்க்க என் பிள்ளைகள் வேலியோரம் பழியாகக் கிடந்தார்கள். அக்கா வாய் விட்டுச் சிரித்து நான் அப்போதுதான் கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கவும் ஆரம்பித்தார்.

குட்டிக்குப் பல் முளைக்கும் வயசு. செருப்பு, கயிறு, துடைப்பம், கட்டில் கால் எதையும் விடவில்லை. ஒருநாள் எருக்கந்தழையைக் கவ்விக்கொண்டு வந்து அக்கா மடியில் போட்டது. அக்கா பதறிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இந்த நாய்க்குட்டிக்கு இன்னா செடி ஆவும், இன்னா செடி ஆவாது? உனுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியாதுக்கா. அரளி ஆவாது. எங்கம்மா வூட்ல ஒரு கன்னுக்குட்டி அரளித்தழய தின்னுட்டு நின்ன எடத்துலயே வுழுந்துச்சி" என்றேன்.

அக்கா தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஆடு வாய் வைக்காத செடி என்றால் எதற்காக ஆடு வாய் வைக்கவில்லை என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறியது. ஆடு விவரமானது. குட்டி அப்படி இல்லை. அன்றே அக்கா எருக்கைப் பிடுங்கினார், தானாக முளைத்திருந்த ஊமத்தையைப் பிடுங்கினார், காட்டாமணக்கை வெட்டினார், குரோட்டன்ஸ் தொட்டிகளை மதில்மேல் தூக்கி வைத்தார். மஞ்சள் அரளியின் காய்களைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்து, மரத்தை அடியோடு சாய்த்தார். மிச்சம் இருந்தது வேலியாக நின்ற செவ்வரளி. அதை வெட்ட கண்டக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"மொத்தமா வெட்டி எறிங்க."

"வெட்டிட்டா ஆடு வருமே."

"வந்தா தொரத்துவோம்."

"தொரத்துனா அந்தம்மா வரும்."

"வந்தா பேசுவோம்."

அந்தப் பேச்சுதான் அவருக்கு ஆகாது.

ஆனால் மனைவியோடும் அவருக்குச் சண்டை வேண்டாம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். அரளியின் கீழ்க்கிளைகளை மட்டும் கழித்துவிட்டார், குட்டிக்கு எட்டாத உயரத்துக்கு. கழித்ததும் அடியில் சந்து விழுந்தது. அந்தச் சந்தில் ஆடு நுழையுமே. கழித்த கிளைகளையே கட்டுக் கட்டாகக் கட்டிச் சந்தை அடைத்துவிட்டார். முள் இல்லை, ஆட்டு மடி கிழியாது, மாமியார் கத்த மாட்டார். மேலே இருப்பது குட்டிக்கு எட்டாது, அக்காவும் ஒன்றும் சொல்ல மாட்டார். எல்லார் மனசும் கோணாமல் பார்த்துக்கொண்ட மனுஷன், வெட்டிப் போட்ட குச்சி காய்ந்தாலும் அரளி அரளிதான் என்பதை யோசிக்கவில்லை. கடிப்பதற்குக் குச்சி தேடிக்கொண்டிருந்த குட்டியின் மூக்குக்கு நேராக அதைக் கொண்டுபோய் அடுக்கி வைத்தார்.

மறியல் ஆரம்பித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவில் இருக்கும் பாலத்தில் ஒரு மரம் கிடந்தது. முதல் நாளே அங்கே ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. பஸ்கள் நின்றுபோயின. வேறு மாவட்டத்தில் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னதும் பாலத்தில் இருந்தவர்கள் முகமே மாறிவிட்டது. கொழுந்தன் சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேலை இல்லாததால் கண்டக்டர் வீட்டிலேயே இருந்தார். நாள் பூராவும் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஊரே இறுகிக் கிடந்த நேரத்தில் அந்த ஒரு வீட்டில்தான் விளையாட்டு நடந்தது.

ஒரு மத்தியானம் விசில் கேட்டது, மறுபடி கேட்டது, திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓடினேன். கட்டிலுக்கு அடியில் குட்டி பக்கவாட்டில் கிடந்தது. வாயில் நுரை. வாந்தியில் பட்டைத் துணுக்குகள். பக்கத்தில் பட்டை உரிந்து வெள்ளையாக ஒரு அரளிக்குச்சி கிடந்தது. அக்கா வாயைப் பிளந்து மோர் ஊற்றிப் பார்த்தார். அது கன்னத்து வழியாகவே வழிந்துவிட்டது.

சங்கராபுரத்தில் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. ரோட்டில் போனால் கிட்டத்தில்தான்.

"ரோட்டு வழியாவே போங்கண்ணா. எங்க கொழுந்தன் பாலத்துலதான் இருக்கறான். நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்தாண்ட யார் வண்டியிலயாச்சும் ஏத்தி அனுப்புவான்" என்றேன்.

"சரிம்மா" என்றார். குட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் அக்காவும் வாசலில் நின்று பார்த்தோம். ரேஷன் கடை வரைக்கும் நேராகப் போனார். அங்கே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ரோட்டை விட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிட்டார். ஏரியைச் சுற்றி, வாய்க்கால் வரப்பில் இறங்கி, வயல்வெளியாகப் போகும் வழி அது. பாதி நாளைத் தின்றுவிடும். அக்கா கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமலேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பாலத்துக்கு ஓடினேன். கொழுந்தனிடம் சொன்னதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். மழையில் கரை உடைந்து சேறாகக் கிடந்தது, சைக்கிள் இறங்கவில்லை. திரும்பி வந்தவனுக்குக் கோபம்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே தூக்கினு போயிருப்பேனே அண்ணி. எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கறாரு அவரு?"

அவன் சொன்னது பொய்யில்லை. பிள்ளைத்தாய்ச்சியை, காய்ச்சல்காரர்களை அவர்கள் வழிவிட்டு அனுப்பியதை நானே பார்த்தேன். ஆனால் கொழுந்தனுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் எனக்கே தெரியாத முகங்கள் இருந்தன. நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கவர்மெண்டு பஸ் கண்டக்டர், அதுவும் எங்கள் ஆள் இல்லாதவர், வந்து நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? சிரித்து அனுப்பியிருப்பார்களா, வேறு ஏதாவது சொல்லியிருப்பார்களா? இன்றைக்கு வரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கேட்டால்தானே தெரியும்.

பொழுது சாயும் நேரத்துக்கு வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. அப்போதும் ரோட்டு வழியாக வரவில்லை. உயிர் போனதைத் தூக்கிக்கொண்டு அதே வாய்க்கால் வழியாகத்தான் வந்தார்.

"டாக்டரு பாத்தாராண்ணா?"

"ஏரிக்கரையிலயே முடிஞ்சிடுச்சிம்மா. அங்கயே உக்காந்திருந்தேன்."

அக்கா துண்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். சத்தம் போட்டு அழுதார். மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பியபோதுகூட அப்படி அழவில்லை என்று தெருவில் சொன்னார்கள். பக்கத்தில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாத கைகளை மடக்கி, விரித்து, மடக்கினார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"வுடு, போவட்டும்."

அக்காவின் அழுகை அப்படியே நின்றுபோனது. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா கடப்பாரையை எடுத்துச் செவ்வரளி வேலி முழுவதையும் வேரோடு பெயர்த்துத் தள்ளினார். நான் போய் ஒரு கை பிடித்தேன். கண்டக்டர் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவும் இல்லை, வந்து உதவவும் இல்லை. சாயங்காலமே எங்கள் ஆடுகள் திறந்த தோட்டத்தில் ஏறித் திரிந்தன. மேய ஒன்றுமில்லாமல், குட்டியைப் புதைத்த ஈர மண்ணை மோந்து பார்த்துக்கொண்டிருந்தன. மாமியாரே கூச்சப்பட்டு ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு நாய்க்குட்டிக்காவவாக்கா மனச இப்படி வுட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

கடப்பாரையை ஊன்றி நின்றபடி சொன்னார்: "நாய்க்காக இல்லம்மா. நாளைக்கு எனுக்கு ஒண்ணு ஆனாலும் இந்த ஆளு என்ன வாய்க்கால் வழியாத்தான் தூக்கினு போவாரு."

நான் குனிந்து, பெயர்த்துப் போட்ட வேர்களை அள்ளிக் கட்ட ஆரம்பித்தேன்.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் விசில் ஊதுவதை நிறுத்திவிட்டார். பஸ்ஸைக் கையால் தட்டி, "ரைட்" என்பார். சத்தம் டிரைவருக்கு எட்டாமல் பயணிகள் சேர்ந்து கத்துவார்கள். அந்த வீட்டில் பேச்சே இல்லை. அக்கா பேசவில்லை. அவர் கேட்கவில்லை.

ஒரு காலையில், காது வலியில் அழுத என் மகளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அக்கா தகரப்பெட்டியோடு வந்தார். களமருதூரில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எப்போது வருவார் என்று கேட்டேன். பெட்டியைக் காட்டினார். நல்ல கனமான பெட்டி.

"அவருகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"இப்ப பஸ்ஸ எடுத்துக்கினு வருவாரே. பாப்பாரு."

வந்தது அவர் பஸ்தான், மலையிலிருந்து இறங்கி வந்தது. அக்கா ஏறினார், பின்னாலேயே மகளோடு நானும் ஏறினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பெட்டியை வாங்கி, யாருக்கும் இடிக்காத இடமாகப் பார்த்துச் சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தார். மற்ற எல்லாருக்கும் கிழிப்பது போலவே ஒரு டிக்கெட் கிழித்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார்.

பஸ் நின்றுகொண்டே இருந்தது. இன்ஜின் உறுமியது. கேளுங்கண்ணா, எங்க போறேன்னு கேளுங்க, கத்துங்க, பெட்டியத் தூக்கி வெளிய போடுங்க என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது. அக்கா கம்பியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரக்கூட இல்லை.

டிரைவர் திரும்பி, "இன்னாபா, போலாமா?" என்றார்.

அவர் "ரைட்" சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, எத்தனையோ நாளாகத் தொடாத அந்த விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். ஒன்று கொடுத்தால் வண்டி நிற்கும். நானும் அக்காவும் அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தோம்.

இரண்டு கொடுத்தார்.